ஒரு பெயருக்குள் பல இனங்கள்: ஆப்பிரிக்கப் புல்வெளி எலியின் இயற்கை வரலாறும் பெயர் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஆர்விகாந்திஸ் என்னும் எலிப் பேரினம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்திலிருந்து அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. பின்னர் மேற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட எலிகளும் அந்த எகிப்திய எலியின் பெயராலேயே நெடுங்காலம் வழங்கப்பட்டன. 1990களில் குரோமோசோம் ஆய்வுகளும் மரபணு ஆய்வுகளும் அவை வெவ்வேறு இனங்கள் என்று நிறுவின. அதனால் வேளாண்மை, நோய்ப்பரவல், உயிரியல் கடிகாரம் ஆகிய துறைகளில் முன்னர்த் திரட்டப்பட்ட தரவுகள் எந்த எலியைச் சேர்ந்தவை என்ற வினா எழுந்தது. வகைப்பாட்டில் நேர்ந்த ஒரு சுருக்கம் பிற்கால ஆய்வுகளின் பொருளை எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆர்விகாந்திஸ், நைல் எலி, சவானா, வகைப்பாட்டியல், குரோமோசோம், பகலாடி, பிளேக், காப்பி எலி.

முன்னுரை

எலி என்றவுடன் இரவில் நடமாடும் உயிரே நினைவுக்கு வரும். ஆப்பிரிக்காவின் சவானாப் புல்வெளிகளில் வாழும் ஆர்விகாந்திஸ் பேரினத்து எலிகள் இப்பொது வழக்கிற்கு விலக்கானவை. காலையிலும் மாலையிலும் வெளிச்சம் இருக்கும்போதே அவை வளையை விட்டு வெளிவந்து மேய்கின்றன. முதிர்ந்த எலி ஏறத்தாழ 100 கிராம் எடை இருக்கும். மயிர் சற்று முரடானது. பழுப்பும் சாம்பலும் மஞ்சளும் கலந்த புள்ளிநிறம் காய்ந்த புல்லோடு ஒன்றிவிடும். அதே நிலங்களில் வாழும் வரியெலிகளுக்கு உள்ளது போன்ற முதுகுக்கோடுகள் இவற்றிற்கு இல்லை. எனவே ஆங்கில நூல்கள் இதனை 'வரியற்ற புல் எலி' என்றும் குறிப்பிடும்.

புதர் அடியிலும் கறையான் புற்றிலும் கற்குவியலிலும் இவை கூட்டமாக வளை தோண்டுகின்றன. வளையின் வாயிலிருந்து மேய்ச்சலிடம் வரை புல்லைக் கடித்து அகற்றி, விரல் அகலத்தைச் சற்றே விஞ்சிய ஓடுதடங்களை அமைக்கின்றன. உயர்ந்த புல் இருபுறமும் வளைந்து கூரையாக மூடியிருக்கும்வரை அத்தடங்களில் ஓடும் எலியைப் பருந்தின் கண் எளிதில் எட்டாது. பகலில் மேயும் எலிக்கு இம்மறைவு உயிர்க்காப்பு ஆகும். வறட்சியிலும் காட்டுத்தீயிலும் புல் அழியும்போது தடங்களும் பயனற்றுப் போகின்றன. உணவு பெரும்பாலும் புல்லின் தண்டும் இலையும் விதையுமே. கருக்காலம் ஏறத்தாழ 24 நாள். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறப்பது இயல்பு. ஈன்ற உடனேயே பெண்ணெலி மீண்டும் கருவுறக்கூடும் என்பதால் நல்ல மழைக்காலத்தில் இதன் தொகை மிக விரைவாகப் பெருகும்.

இவ்வளவு செய்திகளும் 'நைல் எலி'யைப் பற்றியவை என்றே கலைக்களஞ்சியங்களில் எழுதப்பட்டு வந்தன. அவை திரட்டப்பட்ட இடங்களோ நைல் முதல் செனகல் ஆறு வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடப்பவை. அந்த ஒற்றைப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே இவ்வெலியின் வரலாற்றைத் தொடங்க வேண்டியுள்ளது.

எகிப்திலிருந்து பாரிசுக்கு

1798இல் நெப்போலியனின் படை எகிப்தில் இறங்கியபோது அதனுடன் அறிஞர் குழுவொன்றும் சென்றது. விலங்கியலாளர் எத்தியேன் ஜெஃப்ராய் சேன்-இலேர் அக்குழுவில் ஒருவர். மூன்றாண்டுக் காலம் நைல் பள்ளத்தாக்கில் அவர் மீன், பறவை, பாலூட்டி, பண்டைய பதனுடல்கள் எனப் பலவற்றைத் திரட்டினார். 1801இல் பிரெஞ்சுப் படை அலெக்சாந்திரியாவில் சரணடைந்தபோது இச்சேகரிப்புகளையும் ஒப்படைக்குமாறு ஆங்கிலேயத் தளபதி கேட்டார். ஒப்படைப்பதைவிட எரித்துவிடுவதே மேல் என்று ஜெஃப்ராய் எதிர்த்து நின்றதும், இறுதியில் இயற்கைப் பொருள்களை அவர்களே வைத்துக்கொள்ள இசைவு கிடைத்ததும் அறிவியல் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட நிகழ்ச்சிகள். ரொசெட்டாக் கல் லண்டனுக்குச் சென்றது. எலித்தோல்கள் பாரிசுக்குச் சென்றன.

பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பாலூட்டிகளுக்கு ஜெஃப்ராய் 1803இல் அச்சிட்ட விவரப்பட்டியலில் நைல் ஆற்றின் பெயரைத் தாங்கிய 'நைலோட்டிகஸ்' இடம்பெற்றது. அப்பட்டியல் முறைப்படி வெளியிடப்பட்ட நூல்தானா என்ற ஐயம் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நீடித்தது. ஐயுற்றவர்கள் இவ்வினத்தின் பெயரிட்டோராக 1822இல் எழுதிய தெமாரேயைக் குறித்தனர். ஐயுறாதோர் ஜெஃப்ராயைக் குறித்தனர். 2002இல் பன்னாட்டு விலங்குப்பெயர் ஆணையம் அப்பட்டியலை ஏற்கத்தக்க நூலாக அறிவித்தது. எனினும் 2005இல் வெளிவந்த உலகப் பாலூட்டிகள் தொகுப்பில் தெமாரேயின் பெயரே காணப்படுகிறது. ஒரே எலிக்கு இரண்டு ஆசிரியர்கள், இரண்டு ஆண்டுகள் என்னும் இக்குழப்பம் நூலடைவு செய்வோருக்கு மட்டுமே உரிய சிக்கலாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பெயரின் உரிமை எந்த இடத்து எலிக்கு உண்டு என்பதை அப்பெயரின் பிறப்பிடமே தீர்மானிக்கிறது. நைலோட்டிகஸ் என்னும் பெயர் எகிப்திய எலிக்கு உரியது. அதனை வேறு நிலத்து எலிக்கு வழங்க வேண்டுமாயின் இரண்டும் ஓரினமே என்பதை நிறுவியாக வேண்டும். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது இந்த ஒரு வேலைதான்.

1842 இப்பேரினத்தின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஆண்டு. ஆர்விகாந்திஸ் என்ற பேரினப்பெயரைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் ரெனே லெசோன் அவ்வாண்டில் வழங்கினார். எத்தியோப்பிய மேட்டுநில எலியை ஜெர்மானியர் ரூப்பெல் அபிசினிகஸ் என்று விவரித்ததும் அதே ஆண்டில்தான். 1853இல் டெமிங்க், கினிக் கரையோரத்து எலிக்கு ரூஃபினஸ் என்று பெயரிட்டார்.

லண்டன் அருங்காட்சியகமும் அன்சோர்ஜின் எலியும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்கா ஐரோப்பிய வல்லரசுகளுக்குள் பங்கிடப்பட்டபோது அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்த தோல்களின் எண்ணிக்கை பன்மடங்கு கூடிற்று. ஆட்சி அலுவலர், மருத்துவர், படைவீரர், வேட்டைக்காரர் எனப் பலரும் சேகரித்து அனுப்பினர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பிரித்துப் பார்த்தவர் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ். தம் வாழ்நாளில் 2,000க்கும் மேற்பட்ட பாலூட்டி வகைகளுக்குப் பெயரிட்ட அவர், அந்நிலங்களில் பெரும்பாலானவற்றைக் கண்டதில்லை. மண்டையோட்டின் நீளம், கடைவாய்ப்பல்லின் வடிவம், முதுகு மயிரின் நிறம் ஆகியவையே அவருடைய சான்றுகள்.

1910இல் தாமஸ் விவரித்த ஆர்விகாந்திஸ் அன்சோர்ஜெயி மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. சேகரித்தவர் வில்லியம் ஜான் அன்சோர்ஜ் என்னும் மருத்துவர். அன்றைய வங்க மாகாணத்தில் 1850இல் பிறந்த இவர் உகாண்டாவில் மருத்துவ அலுவலராகப் பணியாற்றினார். 1899இல் தம் ஆப்பிரிக்க அனுபவங்களை நூலாக வெளியிட்டார். 1913இல் அங்கோலாவில் மறைந்தார். அவருடைய பெயர் பறவை, மீன், எலி எனப் பல உயிரினங்களில் நிலைத்துள்ளது. எலியைப் பொறி வைத்துப் பிடித்த உள்ளூர் மக்களின் பெயர்கள் அவ்வாறு எந்தப் பட்டியலிலும் நிலைக்கவில்லை.

இதே காலத்தில் மாட்ஷி 1894இல் நியூமன்னி என்றும், ஆலன் 1909இல் நைரோபே என்றும், ஃப்ரிக் 1914இல் பிளிக்கி என்றும் பெயரிட்டனர். சிறு நிறவேறுபாட்டையும் புதிய இனமாகக் கொள்ளும் போக்கு அக்காலத்தில் மிகுந்திருந்தது. இவ்வகையில் குவிந்த பெயர்களில் பல தேவையற்றவை என்பதில் ஐயமில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதற்கு எதிர்வினை எழுந்தது. ஒரே எலியின் நிறமும் அளவும் மழைக்கும் மண்ணுக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுபடும் என்பதை உணர்ந்த வகைப்பாட்டியலாளர்கள் பழைய பெயர்களைத் தொகுத்துச் சுருக்கினர். மேற்கு ஆப்பிரிக்கக் கொறிவிலங்குகள் பற்றி ரோஸ்வியர் 1969இல் எழுதிய பெருநூல் அப்பகுதி ஆர்விகாந்திஸ் எலிகள் அனைத்தையும் நைலோட்டிகஸ் என்ற ஒரே இனமாகக் கொண்டது. அன்சோர்ஜெயியும் ரூஃபினஸும் இணைப்பெயர்களின் வரிசைக்குள் மறைந்தன. பெயர்களைப் பெருக்கியவர்களும் சரி, சுருக்கியவர்களும் சரி, உலர்ந்த தோலையும் எலும்பையும் கொண்டே தீர்ப்பளித்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

களத்தில் திரண்ட செய்திகள்

இவ்வெலியின் வாழ்வியல் பற்றிய சிறந்த களஆய்வுகள் பெயர் சுருங்கியிருந்த இந்தக் காலப்பகுதியில்தான் நடைபெற்றன. கென்யாவில் டெய்லரும் கிரீனும் 1976இல் வெளியிட்ட ஆய்வு மழை, உணவு, இனப்பெருக்கம் ஆகிய மூன்றையும் இணைத்துக் காட்டியது. மழைக்குப்பின் புல் விதை பிடிக்கும் பருவமும் எலிகள் ஈனும் பருவமும் ஒன்றையொன்று தொடர்ந்தன. தான்சானியாவின் செரெங்கெட்டியில் சென்சோட்டா 1982இல் வாழிடத்தையும் உணவையும் விவரித்தார். கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கில் டிலேனியும் மன்றோவும் 1980களின் நடுவில் தொகை ஏற்றத்தாழ்வை ஆராய்ந்தனர்.

இவற்றுள் மக்கள் வாழ்வோடு நேரடித் தொடர்புடையது செனகல் நிகழ்வு. 1968 முதல் 1973 வரை சகேல் நிலப்பகுதியை வாட்டிய பெருவறட்சியில் கால்நடைகள் பெருமளவில் மடிந்தன. மழை மீண்டபோது புல் தழைத்தது. அதனை மேய மாடுகள் குறைவாகவே எஞ்சியிருந்தன. கொன்றுண்ணிகளின் தொகையும் எலியின் வேகத்தில் மீளவில்லை. 1975–76இல் செனகலின் வடபகுதியில் எலிகள் வெள்ளமெனப் பெருகின. ஆர்விகாந்திஸ் மட்டுமன்றி வேறு எலியினங்களும் அப்பெருக்கத்தில் இருந்தன. புல் தீர்ந்தபின் அவை புதர்களின் பட்டையைக் கடித்துத் தின்றன. வறட்சியைத் தாக்குப்பிடித்து நின்ற மரங்களில் பல, மழை வந்த பிறகு எலியால் பட்டன. பூலே, பூபோன் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1978இல் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளனர். வறட்சியின் விளைவு வறட்சியோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று சகேல் வரலாற்றில் அரிது.

இத்தகைய பெருக்கத்தை முன்கூட்டியே அறிய வேண்டுமானால் அந்த எலி எப்பருவத்தில் ஈனும், எத்தனை ஈனும், எந்த நிலத்தில் தங்கும் என்பவை தெரிந்திருக்க வேண்டும். அன்றைய நூல்களில் இவ்வினாக்களுக்கு விடை இருந்தது. ஆனால் கென்ய மேட்டுநிலத்தில் கண்ட விடையும் எகிப்திய வயலில் கண்ட விடையும் செனகல் ஆற்றங்கரையில் கண்ட விடையும் ஒரே தலைப்பின்கீழ் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தன. அவற்றிடையே வேறுபாடு தோன்றியபோது அது நிலத்தின் வேறுபாடாகவே விளக்கப்பட்டது. எலியின் வேறுபாடாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்திற்கு அந்த ஒற்றைப் பெயர் இடமளிக்கவில்லை.

குரோமோசோம் சொன்ன செய்தி

தோலைக் கடந்த சான்று முதலில் உயிரணுவிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோபேர் மாத்தே 1965இல் ஆப்பிரிக்க எலிகள் சிலவற்றின் குரோமோசோம்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் ஆர்விகாந்திசும் இடம்பெற்றிருந்தது. பின்னர் 1980களில் குரோமோசோம்களைப் பட்டைபட்டையாகச் சாயமேற்றி ஒப்பிடும் முறை வளர்ந்தபோது வோலோபூயேவும் அவர்தம் குழுவினரும் மேற்கு ஆப்பிரிக்க எலிகளை மீண்டும் ஆராய்ந்தனர்.

அவர்கள் கண்டது எளிதில் தவறவிடக்கூடிய ஒரு வேறுபாடு. இரண்டு வகை எலிகளிலும் குரோமோசோம் எண்ணிக்கை 62தான். எண்ணிக்கையோடு நின்றிருந்தால் அவை ஓரினமே என்ற முடிவு மேலும் உறுதிப்பட்டிருக்கும். குரோமோசோமின் கரங்களை எண்ணியபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. ஒருவகையில் பெரும்பாலானவை ஒரே கரம் உடையவை. மற்றதில் இரு கரங்கள் கொண்டவை கணிசமாக இருந்தன. வரலாற்றுப் போக்கில் குரோமோசோம் துண்டுகள் தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டதன் விளைவுகள் இவற்றுள் அடங்கும். இத்தகைய மாற்றங்கள் பல சேர்ந்துள்ள இரு எலிகள் கூடிப் பிறக்கும் குட்டிகளின் இனப்பெருக்க ஆற்றல் குன்றுவது எதிர்பார்க்கத்தக்கதே.

1997இல் துக்ரோ, கிராஞ்சோன், வோலோபூயேவ் உள்ளிட்டோர் குரோமோசோம், மூலக்கூறு, இனப்பெருக்கம் ஆகிய மூவகைச் சான்றுகளையும் ஒருங்கே வைத்து மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு தனி இனங்கள் உள்ளன என்று நிறுவினர். அடுத்த ஆண்டு மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பி மரபணுவை முழுமையாக ஒப்பிட்ட ஆய்வு அதனை மேலும் வலுப்படுத்தியது. சகேலின் வறண்ட வடபகுதியில் வாழ்வது எகிப்திய எலியோடு ஒத்தது. நைலோட்டிகஸ் என்ற பெயர் அதற்குப் பொருந்தும். அதற்குத் தெற்கே மழை சற்று மிகுந்த சூடானிய சவானாவில் வாழ்வது வேறோர் இனம். அதற்குப் புதுப்பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. தாமஸ் 1910இல் சூட்டி, பின்வந்தோர் ஒதுக்கிய அன்சோர்ஜெயி என்ற பெயரே மீண்டும் வழக்கிற்கு வந்தது. ரூஃபினஸும் அவ்வாறே மீண்டது.

தாமஸின் கணிப்பு சரியானது என்று இதனைக்கொண்டு போற்றுவது மிகையாகும். அவர் பெயரிட்ட நூற்றுக்கணக்கானவற்றுள் சில நின்றன, பல வீழ்ந்தன. ஆயினும் அவர் சேர்த்துவைத்த வகைமாதிரி இல்லையேல் அன்சோர்ஜெயியை மீட்டெடுக்க வழியிருந்திராது. இன்று இப்பேரினத்தில் பொதுவாக ஏழு இனங்கள் கொள்ளப்படுகின்றன. 2019இல் பிரையாவும் பிறரும் வெளியிட்ட விரிவான மரபணு ஆய்வு, இப்பேரினம் கிழக்கு ஆப்பிரிக்காவில் கிளைத்துப் பின்னர் வடமேற்கு, தென்கிழக்குப் புல்வெளிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரவியது என்று காட்டுகிறது. எத்தியோப்பியா இவற்றின் வளமான உறைவிடங்களுள் ஒன்று. அங்குப் பாலே மலையின் குளிர்ந்த உயர்நிலங்களில் வாழும் பிளிக்கி, அழிவின் விளிம்பிலுள்ள எத்தியோப்பிய ஓநாயின் முதன்மை இரைகளுள் ஒன்று. எலி பகலில் மேய்வதால் ஓநாயும் பகலிலேயே வேட்டையாடுகிறது.

பெயரும் நோயும்

எலியின் இனப்பெயர் மருத்துவத்திற்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் செனகல் ஆற்றுப்பகுதி சான்றாகும். 1986இல் டியாமா அணை கட்டப்பட்டபின் கடல்நீர் ஆற்றில் ஏறுவது தடைப்பட்டது. பாசனக் கால்வாய்களில் நன்னீர் நத்தைகள் பெருகின. சில ஆண்டுகளில் ரிச்சர்-டோல் நகரில் குடற்சிஸ்டோசோமா நோய் பெருமளவில் பரவியது. நீரோரத்து எலிகளிலும் அதே ஒட்டுண்ணி காணப்பட்டது. அவற்றுள் ஆர்விகாந்திஸ் நைலோட்டிகசும் ஒன்று என்பதைத் துப்லாந்தியே, சேன் ஆகியோரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிக்கிறது. சூடானில் லெய்ஷ்மேனியா ஒட்டுண்ணியும் இப்பெயருடைய எலியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுள்ளது. ஓரினம் நோயைத் தாங்கி நிற்கும். அதன் உறவினம் தாங்காது போகலாம். எனவே எலியைப் பிடித்தவர் எழுதிவைக்கும் பெயர் நோய்த்தடுப்பின் முதற்படியாகிறது.

இங்குத் தமிழகத்தோடு நேரடித் தொடர்புடைய ஒரு வரலாறு குறுக்கிடுகிறது. பிளேக் நோயைப் பரப்பும் எலித்தெள்ளை சார்லஸ் ராத்ஸ்சைல்ட் 1903இல் விவரித்தார். அவர் அதனைப் பிடித்தது சூடானில் நைலோரத்து ஷெண்டியில். பிரமிடு எழுப்பிய கீயாப்ஸ் மன்னன் பெயரால் 'சியோபிஸ்' என்று பெயரிட்டார். இத்தெள்ளின் தாயகம் நைல் பள்ளத்தாக்கு எனப் பரவலாகக் கருதப்படுகிறது. அமர்னா அகழாய்வில் கிடைத்த பூச்சி எச்சங்களை ஆராய்ந்த பனாகியோட்டகோபுலு, பிளேக் நோயே பண்டைய எகிப்தில் நைல் எலியையும் அதன் தெள்ளையும் சார்ந்து தோன்றியிருக்கலாம் என்று 2004இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். யூரேசியாவின் வெண்கலக்கால எலும்புகளில் பிளேக் நுண்ணுயிரின் மரபணு 2015இல் கண்டறியப்பட்டபின் நோயின் பிறப்பிடம் பற்றிய அக்கருத்து வலுவிழந்துவிட்டது. தெள்ளின் தாயகம் பற்றிய பகுதி இன்னும் ஏற்கத்தக்கதாகவே உள்ளது.

1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் வடஇந்தியாவிலும் மேற்கிலும் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. சென்னை நகரமோ ஒப்பீட்டளவில் தப்பியது. துறைமுகமும் எலியும் நெரிசலும் அங்கும் இருந்தும் நோய் ஏன் வேரூன்றவில்லை என்பது நீண்டநாள் புதிராக இருந்தது. இந்தியப் பிளேக் ஆணையத்தின் ஆய்வுகளில் எலித்தெள்ளுகள் யாவும் 'சியோபிஸ்' என்ற ஒரே பெயரால் குறிக்கப்பட்டிருந்தன. ராத்ஸ்சைல்ட் 1911இல் அவற்றினின்று 'ஆஸ்டியா' என்ற இனத்தைப் பிரித்தார். கொழும்பு நகர நுண்ணுயிரியலாளர் எல்.எஃப். ஹர்ஸ்ட் 1913இல் கொழும்பு எலிகளின் தெள்ளுகளைச் சோதித்தபோது அவற்றுள் மிகுதியானவை ஆஸ்டியா என்பதைக் கண்டார். சென்னையிலும் நிலை அதுவே. ஆஸ்டியா பிளேக்கைக் கடத்தும் திறன் குறைந்தது என்ற அவருடைய விளக்கத்தை 1920களின் தொடக்கத்தில் க்ராக் நடத்திய தெள்ளுக் கணக்கெடுப்பு வலுப்படுத்தியது. புதிருக்குரிய விடை ஆணையத்தின் குடுவைகளிலேயே இருந்தது. குடுவையின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு அதனை மறைத்திருந்தது. தெள்ளுக்கு 1911இல் நேர்ந்தது, அதன் ஓம்புயிரான புல்வெளி எலிக்கு நேர மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஆய்வகத்திற்கு வந்த எலி

மனிதர் பகலில் விழித்திருப்போர். உயிரியல் கடிகாரம் பற்றிய ஆய்வுகளோ இரவாடிகளான சுண்டெலி, வெள்ளெலிகளைக் கொண்டே நடைபெற்றன. இக்குறையை நீக்கப் பகலாடும் கொறிவிலங்கு ஒன்று தேவைப்பட்டது. கென்யாவின் மாசாய் மாராவில் 1993இல் பிடிக்கப்பட்ட எலிகளைக் கொண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரா ஸ்மேல் ஒரு வளர்ப்புக் குழுவை உருவாக்கினார். மாலியின் தென்பகுதியில் 1998இல் பிடிக்கப்பட்டவை பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கிற்குச் சென்றன.

மாலி எலி நைலோட்டிகஸ் அன்று, அன்சோர்ஜெயி. அதனைக்கொண்டு 2003இல் வெளிவந்த ஆய்வில், மூளையின் கடிகார மையத்தில் உள்ள மரபணுக்கள் இரவாடிகளில் இயங்கும் அதே நேரத்திலேயே பகலாடியிலும் இயங்குவது தெரியவந்தது. அங்ஙனமாயின் பகலா இரவா என்பதை முடிவு செய்யும் திருப்பம் அம்மையத்திற்கு அப்பால் எங்கோ நிகழ்கிறது. 2006இல் அதன் விழித்திரை ஆராயப்பட்டது. ஒளியுணர் செல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூம்பு செல்கள். சுண்டெலியில் இது நூற்றுக்கு மூன்று அளவே. அக்கட்டுரையின் தலைப்பு அன்சோர்ஜெயி என்ற அறிவியல் பெயரைச் சரியாகவே தாங்கியிருந்தது. ஆனால் அதற்கு முன் 'நைல் எலி' என்ற பொதுப்பெயரும் இருந்தது. நைலைக் காணாத எலி அது. பிற்காலக் கட்டுரைகளில் 'சூடானிய புல் எலி' என்ற வழக்கு வந்தபோதும் பழைய தலைப்புகளைத் தேடுபவர் இரண்டு எலிகளின் முடிவுகளையும் ஒரே கோப்பில் சேர்க்கும் வாய்ப்பு நீங்கிவிடவில்லை. மிச்சிகன் எலிகளுக்குச் சுழலும் ஓடுசக்கரம் கொடுத்தபோது அவற்றுள் சில இரவில் ஓடத் தொடங்கின என்பதும் 1999இல் பதிவாகியுள்ளது. பகலாடுதல் என்னும் பண்பே கூண்டின் அமைப்புக்கு ஏற்ப நெகிழும்போது, இரு இனங்களை ஒப்பிடுவோர் இனத்தின் பெயரையும் கூண்டின் விவரத்தையும் ஒருசேரக் கேட்க வேண்டியுள்ளது.

புல்லும் விதையும் தின்று வளர்ந்த எலிக்கு ஆய்வகத்தின் வழக்கமான எலித்தீவனம் கொடுத்தபோது நீரிழிவு தானே தோன்றியது. நார்ச்சத்து மிகுந்த உணவில் அது தள்ளிப்போயிற்று. 2010 முதல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களிலிருந்து வந்த இவ்வாய்வுகளால் நைல் எலி மனித நீரிழிவுக்கு மாதிரி உயிரியாக மதிக்கப்படுகிறது. அதன் முழு மரபணுத்தொகுதி 2022இல் வெளியிடப்பட்டது.

தெற்காசிய உறவு

ஆர்விகாந்திசின் பெயரால் அமைந்த ஆர்விகாந்தினி என்னும் குலம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்கு உரியது. அதனோடு சேர்த்து வைக்கப்படும் தெற்காசிய எலி ஒன்று உண்டு. கன்னட வழக்கிலிருந்து பேரினப்பெயரையும், சென்னை மாகாண ஆட்சிப்பணியாளர் வால்டர் எலியட்டிடமிருந்து இனப்பெயரையும் பெற்ற கோலுண்டா எலியோட்டி அது. 1837இல் கிரே அதற்குப் பெயரிட்டார். இதுவும் புல்லுக்கும் புதருக்கும் இடையே தடம் அமைப்பது. எத்தியோப்பியாவின் ஹடாரில் இப்பேரினத்தின் புதைபடிவம் கிடைத்திருப்பதால், ஆப்பிரிக்காவிலும் ஒரு காலத்தில் அது வாழ்ந்தமை தெளிவு.

இலங்கை மலையகத்தில் இவ்வெலிக்குக் 'காப்பி எலி' என்ற பெயர் இருந்தது. காட்டில் உணவு குன்றிய காலங்களில் காப்பித் தோட்டங்களுக்குள் திரளாகப் புகுந்து மொட்டுக்காகக் கிளைகளைத் துண்டித்ததையும், தென்னிந்தியத் தொழிலாளர்கள் அவற்றைப் பிடித்துத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் உண்டதையும் எமர்சன் டெனன்ட் 1861இல் எழுதிய இலங்கை இயற்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். தோட்ட உரிமையாளருக்கு அது பயிர்ப்பகை; கூலி போதாத தொழிலாளிக்கு அது புலால். டெனன்ட் அதனை ஒரு சுவையான செய்தியாகவே கூறிச் செல்கிறார். அக்காலத் தோட்டப் பங்கீட்டு அரிசியோடு சேர்த்துப் படித்தால் அதன் பொருள் வேறாகும். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் இலங்கையின் காப்பி அழிந்தபின் எலியின் அப்பெயருக்கும் பொருளற்றுப் போயிற்று.

அம்மலையகத்து எலியை மருத்துவரும் இயற்கையியலாளருமான கெலார்ட் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தனியினமாகக் கருதி, நுவரெலியாவின் பெயரால் வழங்கினார். இன்று அது எலியோட்டியின் இணைப்பெயர்களுள் ஒன்று. பாகிஸ்தானிலிருந்து இந்தியா முழுவதும் பரவி இலங்கை வரை வாழும் எலிகள் யாவும் அந்த ஒரே பெயரின்கீழ் உள்ளன.